ஆகா ஷாஹித் அலி: கஜலை ஆங்கிலத்துக்கு இழுத்து வந்தவர்

"ஆகா ஷாஹித் அலியைக் காஷ்மீர்க் கவிஞர் என்கிறார்கள். ஆனால் அவர் எழுதியது ஆங்கிலத்தில், வாழ்க்கையில் பாதியைக் கழித்தது அமெரிக்காவில். அப்படியானால் அவர் எந்த ஊர்க் கவிஞர்? மொழிபெயர்ப்பாளர் என்றும் சொல்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா? எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?" ஒரு வாசகரின் கேள்வி இதுதான்.

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் இரண்டும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. ஷாஹித் மொழிபெயர்க்கப் போனதால்தான் அப்படிப்பட்ட கவிஞரானார். உருதுவில் கேட்டு வளர்ந்ததை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார், ஒரு பாதி வரவில்லை. அந்த வராத பாதியைத் தன் சொந்தக் கவிதையில் பிடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

முதலில் ஆளைப் பற்றி. 1949 பிப்ரவரி 4 அன்று டெல்லியில் பிறந்தார், வளர்ந்தது ஸ்ரீநகரில். ஷியா முஸ்லிம் குடும்பம். படிப்புக்குப் பெயர்போன வீடு. பாட்டி பேகம் ஜாஃபர் அலி, காஷ்மீரில் மெட்ரிகுலேஷன் தேறிய முதல் பெண் என்று சொல்லப்படுபவர், பிறகு பள்ளி ஆய்வாளராக இருந்தவர். அப்பா ஆகா அஷ்ரஃப் அலி காஷ்மீரில் எல்லோரும் அறிந்த கல்வியாளர். அம்மா சூஃபியா, உத்தரப் பிரதேசத்தின் ருதௌலிப் பக்கத்தவர். வீட்டில் உருது, காஷ்மீரி, ஆங்கிலம் மூன்றும் புழங்கின. பாரசீகக் கவிதை சொல்பவர்களுக்கும் குறைவில்லை. சிறுவனாக இருந்தபோது தன் அறையில் ஒரு இந்துக் கோயில் கட்ட வேண்டும் என்று ஷாஹித் ஆசைப்பட்டதையும், அம்மாவே கூடப் போய் விக்கிரகங்கள் வாங்கிக் கொடுத்ததையும் அவருடைய நண்பரான நாவலாசிரியர் அமிதவ் கோஷ் எழுதியிருக்கிறார். பின்னால் காஷ்மீர் இந்துக்களான பண்டிட்டுகளைப் பற்றிய கவிதைக்கு வரும்போது இந்தச் செய்தி உதவும்.

ஸ்ரீநகரில் கிறித்துவ மிஷனரிகள் நடத்திய பள்ளியில் படித்தார். அப்பா முனைவர் பட்டத்துக்காக இண்டியானா போனபோது குடும்பமும் சில ஆண்டுகள் அங்கே இருந்தது. பிறகு காஷ்மீர்ப் பல்கலைக்கழகம், டெல்லி இந்து கல்லூரி, அங்கேயே ஆசிரியர் வேலை. எழுபதுகளின் நடுவில் அமெரிக்கா போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பென்சில்வேனியாவில் கவிஞர் டி.எஸ். எலியட்டைப் பற்றி ஆராய்ச்சி, அரிசோனாவில் கவிதை எழுதுவதற்கென்றே ஒரு பட்டம், அப்புறம் ஹாமில்டன் கல்லூரி, மாசசூசெட்ஸ், யூட்டா என்று பேராசிரியர் வாழ்க்கை. இந்தப் பகுதியை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை, நிறையப் பேருக்கு நடந்ததுதான்.

பேகம் அக்தர் கதை அப்படியல்ல. உருதுவின் ஈரடிக் கவிதை வடிவமான கஜலைப் பாடிய பாடகி, ஃபைசாபாத்தில் பிறந்தவர். டெல்லியில் இளைஞனாக இருந்தபோது ஷாஹித் அவர் கச்சேரிகளை விடாமல் கேட்டார், நேரில் பழகவும் செய்தார். பாட்டோடு அவருடைய நறுக்குத் தெறித்த பேச்சு, துணிச்சல், நாடகத்தனம் எல்லாமே ஷாஹித்துக்குப் பிடித்திருந்தன. 1974 அக்டோபர் 30 அன்று பேகம் அக்தர் இறந்தார். 1979இல் வெளிவந்த ஷாஹித்தின் இரண்டாவது தொகுப்புக்கு அவர் பெயரையே வைத்தார். அதில் உள்ள இரங்கல் கவிதையில், பாடியவர் போய்விட்டதால் கஜல் என்கிற வடிவமே விதவையாகி நிற்கிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஷாஹித் செய்த வேலையெல்லாம் அந்த விதவைக்கு வேறொரு மொழியில் வீடு பார்த்துக் கொடுப்பதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அந்த வேலை ஃபைஸ் அஹ்மத் ஃபைஸிடம் தொடங்கியது. ஃபைஸ் பாகிஸ்தானியக் கவிஞர், இடதுசாரி, ஐம்பதுகளில் ராவல்பிண்டி சதி வழக்கில் சிறையில் இருந்தவர். ஷாஹித் வீட்டில் அவர் கவிதைகள் அன்றாடப் பேச்சு. ஆனால் அமெரிக்காவில் போய்ப் பார்த்தால், சிலியின் நெருடாவையும் துருக்கியின் ஹிக்மத்தையும் தெரிந்த கவிதைக்காரர்களுக்கு ஃபைஸ் என்ற பெயரே தெரியவில்லை. உருதுவே தெரியாத ஊரில் தன் வீட்டுக் கவியை அறிமுகப்படுத்தும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதாக அவர் நினைத்தார். அப்போது பெய்ரூட்டில் இருந்த ஃபைஸுக்கே கடிதம் எழுதி அனுமதி கேட்டார். என்னிடம் பேகம் அக்தர் உங்கள் கஜல்களைப் பாடிய அரிய ஒலிநாடா இருக்கிறது என்று ஆசையும் காட்டினார். ஃபைஸ் 1984இல் காலமானார். மொழிபெயர்ப்பு 'தி ரெபல்ஸ் சில்லவெட்' என்ற பெயரில் 1991இல் வந்தது.

ஃபைஸின் புகழ்பெற்ற கவிதை ஒன்று: அன்பே, என்னிடம் அந்தப் பழைய காதலைக் கேட்காதே என்று தொடங்கும். உன் கண்களைத் தவிர உலகத்தில் வேறென்ன இருக்கிறது என்று ஒரு காலத்தில் நினைத்தவன்தான், ஆனால் சந்தையில் விற்கப்படும் உடல்களையும் ரத்தத்தில் குளித்த புழுதியையும் பார்த்துவிட்டேன், பார்வை அந்தப் பக்கமும் போகிறதே, என்ன செய்ய? உருது வாசகருக்குக் காதலி என்ற சொல்லிலேயே கடவுள், ஊர், புரட்சி எல்லாம் அடங்கியிருக்கும். ஆயிரம் ஆண்டுப் பழக்கம் அது. ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் ஷாஹித் சொல்லுக்குச் சொல் போகவில்லை. ஒரு வரியை மூன்றாக விரித்தார், பொன்னையும் வெளிச்சத்தையும் தானாகச் சேர்த்தார். இது மொழிபெயர்ப்பா, அத்துமீறலா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். விக்டர் கியர்னனின் மொழிபெயர்ப்பு மூலத்துக்கு நெருக்கமானது. கையில் உருது மூலத்தை வைத்துக்கொண்டு படிப்பவருக்கு அதுதான் நல்லது. மூலம் கைவசம் இல்லாதவருக்கு ஷாஹித்.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. ஃபைஸின் கஜல்களை மொழிபெயர்க்கும்போது ஷாஹித் கஜலின் வடிவத்தைக் கைவிட்டுவிட்டார். எல்லாம் தளர்ந்த புதுக்கவிதை வடிவம்தான். பொருளையும் காப்பாற்றி ஓசையையும் காப்பாற்றுவது நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்படிப்பட்டவர்தான் சொந்தமாக ஆங்கிலக் கஜல் எழுத உட்கார்ந்தபோது ஒரு விதியையும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்றார்.

விதி என்ன என்று சொல்லிவிடுகிறேன். கஜல் இரண்டிரண்டு அடிகளாக வரும். ஒவ்வொரு ஈரடியும் தன்னளவில் முழுமை. முதல் ஈரடியின் இரு அடிகளும், அதற்குப் பிறகு ஒவ்வொன்றின் இரண்டாம் அடியும், ஒரே சொல்லில் முடிய வேண்டும். அது ரதீஃப். அந்தச் சொல்லுக்கு முந்தைய சொல் ஓசை ஒத்து வர வேண்டும். அது காஃபியா. கடைசி ஈரடியில் கவிஞர் தன் பெயரை வைப்பார், கர்நாடக இசையின் முத்திரை மாதிரி. புரிவதற்காக நானே கட்டிய ஒன்றைத் தருகிறேன், இதில் கவித்துவம் தேட வேண்டாம்:

யார் முற்றத்தில் எரியும் நீ ஏற்றிய விளக்கு இனிமேல்?
என் உறக்கத்தோடு எனக்குத் தீராத வழக்கு இனிமேல்.

ஊர் உறங்கிய பின்னும் நடக்கிறேன், திசை மறந்தவனுக்கு
எந்தப் பக்கம் திரும்பினாலும் கிழக்கு இனிமேல்.

'இனிமேல்' ரதீஃப். விளக்கு, வழக்கு, கிழக்கு காஃபியா. நம் யாப்பில் இயைபுத் தொடை தெரிந்தவர்களுக்கு இது சட்டெனப் பிடிபடும். இரண்டு ஈரடிகளுக்கும் பொருளில் உறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கோத்து வைத்திருப்பது ஓசை மட்டும்தான். கச்சேரியில் முதல் அடியைப் பாடி நிறுத்தும்போது, காஃபியா எப்படி வந்து விழப்போகிறது என்று சபையே காத்திருக்கும். வந்து விழுந்ததும் 'வாஹ்' என்று கத்தும். அந்தக் காத்திருப்புதான் கஜல்.

1969இல் பத்தொன்பதாம் நூற்றாண்டு உருதுக் கவிஞர் காலிப்பின் நூற்றாண்டு நினைவையொட்டி விமர்சகர் அய்ஜாஸ் அஹ்மத் ஒரு நல்ல காரியம் செய்தார். காலிப்பின் கஜல்களை நேர்ப்பொருளில் ஆங்கிலத்தில் தந்து, ஏட்ரியன் ரிச், மெர்வின் போன்ற அமெரிக்கக் கவிஞர்களைக் கவிதையாக்கச் சொன்னார். விளைவு, அமெரிக்காவில் கஜல் ஒரு மோகமாகிவிட்டது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது தொடர்பற்ற ஈரடிகளை மட்டும். ரதீஃபும் இல்லை, காஃபியாவும் இல்லை. ஷாஹித்துக்கு இது எரிச்சல். நேர்காணலிலும் வகுப்பிலும் கட்டுரையிலும் இதைச் சொல்லிச் சொல்லி, கேலி செய்து, கெஞ்சி, நண்பர்களை மிரட்டி எழுதவைத்து, 2000இல் 'ராவிஷிங் டிஸ்யூனிட்டிஸ்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். விதிப்படி எழுதிய ஆங்கிலக் கஜல்கள், நூற்றுக்கும் மேற்பட்ட கவிஞர்கள். இன்றைக்கு அமெரிக்காவில் கவிதை படிக்கும் மாணவர்களுக்குக் கஜல் என்றால் ரதீஃப் உண்டு என்று தெரிந்திருக்கிறதென்றால் அதற்கு முக்கியக் காரணம் இவர்தான். (தமிழில் கஜலுக்கு வழி திறந்த கவிக்கோ அப்துல் ரகுமானும் இந்த விதிகளைக் கறாராக எடுத்துக்கொள்ளவில்லை. ஷாஹித் தமிழ் படித்திருந்தால் கவிக்கோவிடமும் சண்டைக்கு வந்திருப்பார்.)

தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1997 தொகுப்பில் 'அரபி' என்ற சொல்லை ரதீஃபாக வைத்து ஒரு கஜல் இருக்கிறது. அதில் காஃபியா கிடையாது. பிறகு அதையே பிரித்து, காஃபியாவோடு மறுபடி கட்டினார். அது அவர் இறந்தபின் 2003இல் வந்த 'கால் மீ இஷ்மயில் டுநைட்' தொகுப்பில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் சுவாரசியமாக இருக்கும். என் கணக்கில் முதல் வடிவத்தில் துக்கம் அதிகம், இரண்டாவதில் வித்தை அதிகம். எல்லாக் கஜல்களிலும் ஓசை அவருக்குக் கைகொடுத்தது என்று சொல்ல மாட்டேன். சில ஈரடிகள் காஃபியாவுக்காகவே எழுதப்பட்டவை, சொல் வந்து விழுகிறது, கூடப் பொருள் வரவில்லை. 'இன்றிரவு' என்ற சொல்லில் முடியும் கஜல் அப்படியல்ல. அதன் கடைசி ஈரடியில் ஷாஹித் என்ற பெயர், விவிலியத்தின் யோபு, மெல்வில்லின் திமிங்கலக் கதை மூன்றும் ஒரே மூச்சில் வந்து சேருகின்றன.

சரி, காஷ்மீர். 1987இல் வந்த 'தி ஹாஃப் இன்ச் இமாலயாஸ்' தொகுப்பில் காஷ்மீர் ஒரு தபால் அட்டையாக அவர் அஞ்சல்பெட்டிக்கு வருகிறது. நாலுக்கு ஆறு அங்குலத்தில் வீடு. திரும்பிப் போனால் இந்த நிறங்கள் இவ்வளவு பளிச்சென்று இருக்காது என்று அவருக்கே தெரியும். அதே தொகுப்பில் டாக்கா மஸ்லின் பற்றிய கவிதை, எனக்கு மிகப் பிடித்தது. பாட்டியின் அம்மா கல்யாணச் சீதனமாகக் கொண்டுவந்த மஸ்லின் புடவை. அசல்தானா என்று பார்க்க, ஆறு கஜத்தையும் ஒரு மோதிரத்துக்குள் இழுத்துப் பார்த்தார்களாம். பிறகு அது கிழிந்து, கைக்குட்டைகளாகி, உடன்பிறந்தவர்களின் பெண்களுக்கும் மருமகள்களுக்கும் பங்கிடப்பட்டு, அதுவும் தொலைந்துபோகிறது. நெசவாளர்களின் கைகள் வெட்டப்பட்டதைக் கவிதை சொல்கிறது (இந்தச் செய்தியை எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்பதில்லை). ஒரு இலையுதிர்கால விடியலில், பனி கஞ்சி போட்டதுபோல் விறைத்திருக்கும் காற்றில், பாட்டி அந்தத் துணியின் தொடுகையை உணர்ந்து, ஞாபகமில்லாமல் காற்றைத் தன் மோதிரத்துக்குள் இழுக்கிறாள். அரசியலை இத்தனை குறைந்த சத்தத்தில் எழுதியவர்கள் குறைவு.

1990க்குப் பிறகு சத்தம் மாறுகிறது. ஆயுதக் கிளர்ச்சி, ராணுவம், ஊரடங்கு. மாதக்கணக்கில் பள்ளத்தாக்கில் தபால் பட்டுவாடா நின்றுபோனது. அஞ்சலகத்தில் கடிதங்கள் மலையாகக் குவிந்தன. அப்பாவின் நண்பர் ஒருவர் அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்க்க, அது ஷாஹித்தின் அப்பா எழுதிய கடிதமாக இருந்தது என்று சொல்வார்கள். 1997இல் வந்த 'தி கன்ட்ரி வித்தவுட் எ போஸ்ட் ஆபீஸ்' தொகுப்பின் பெயர் அப்படிப் பிறந்தது. அஞ்சலகம் இல்லாத நாடு. அதில் கடித வடிவில் ஓர் உரைநடைக் கவிதை இருக்கிறது. ஊரில் எல்லோரும் சட்டைப்பையில் முகவரி வைத்துக்கொண்டு நடக்கிறார்கள், உடலாவது வீடு போய்ச் சேரட்டும் என்று. இன்னொன்றில், டெல்லியிலிருந்து நள்ளிரவில் காஷ்மீரைப் பார்க்கிறார். கொல்லப்பட்ட ரிஸ்வான் என்ற பையன் வந்து, நான் செத்ததை அப்பாவிடம் சொல்லாதே என்கிறான்.

இந்தத் தொகுப்பை ஒரு பக்கத்துக் கட்சிக்காரர் எழுதியதாகப் படிப்பவர்கள் உண்டு. அவர்கள் 'ஃபேர்வெல்' கவிதையைக் கூடவே படிக்க வேண்டும். 1990இல் பள்ளத்தாக்கை விட்டுப் போக நேர்ந்த பண்டிட்டுகளிடம் ஒரு காஷ்மீரி முஸ்லிம் பேசுகிற கவிதை, காதல் கடிதம் போல. என் ஞாபகம் உன் வரலாற்றுக்குக் குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி அதில் வரும். நீ இழந்ததெல்லாம் நான்தான், நீ என்னை மன்னிக்கமாட்டாய் என்றும் வரும். குற்றவுணர்ச்சியும் பிரிவும் கலந்து, யார் யாரிடம் பேசுகிறார் என்பதே குழம்பும் அளவுக்கு எழுதியிருக்கிறார். அறையில் கோயில் கட்ட நினைத்த சிறுவன்தான் இதை எழுத முடியும்.

இந்தத் துயரத்தையும் அவர் கட்டுக்கோப்பான வடிவங்களில்தான் எழுதினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கவிஞர் ஜேம்ஸ் மெரில் அவரை அந்தப் பக்கம் திருப்பினார். கன்சோனே என்ற இத்தாலிய வடிவம் 65 அடி, எல்லா அடிகளும் ஐந்தே சொற்களில் முடிய வேண்டும். பெரும்பாலான கவிஞர்கள் வாழ்நாளில் ஒன்றைக்கூட முயல்வதில்லை. ஷாஹித் மூன்று எழுதினார். கின்னஸ் புத்தகத்தில் போட வேண்டும் என்று அமெரிக்கக் கவிஞர் ஆந்தனி ஹெக்ட் வேடிக்கையாகச் சொன்னாராம். அவற்றில் 'லெனக்ஸ் ஹில்' அம்மாவுக்கானது. அம்மா மூளைப் புற்றுநோயால் நியூயார்க் மருத்துவமனையில் கிடக்கிறார். வெளியே ஆம்புலன்ஸ் சங்கொலி. அது அவருக்கு யானைகளின் அலறலாகக் கேட்கிறது. ஹூண அரசன் மிகிரகுலன் யானைகளைப் பீர் பஞ்சால் மலையிலிருந்து தள்ளி, அவை அலறி விழுவதைக் கேட்டு ரசித்தான் என்று காஷ்மீரின் பழைய வரலாற்று நூலான கல்ஹணரின் ராஜதரங்கிணியில் ஒரு கதை உண்டு. ஆறாம் நூற்றாண்டு அரசனின் கொடூரமும் மன்ஹாட்டன் தெருவும் ஒரு தாயின் மயக்கத்தில் கலந்துவிடுகின்றன. கன்சோனே படித்து நான் அழுதது இது ஒன்றுக்குத்தான்.

அம்மா 1997இல் இறந்தார். உடலை ஸ்ரீநகருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அந்தப் பயணம் 2001இல் வந்த 'ரூம்ஸ் ஆர் நெவர் ஃபினிஷ்ட்' தொகுப்பின் நடுநாயகமான நீள்கவிதை ஆனது. ஷியா வீட்டுப் பிள்ளை என்பதால் அம்மாவின் சவ ஊர்வலத்தினூடே இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவும் அவர் தங்கை ஜைனபின் ஒப்பாரியும் வருகின்றன. ஃபைஸின் கவிதையையும் காலிப்பின் கஜலையும் மொழிபெயர்த்து இந்தத் தொடருக்குள்ளேயே பதித்துவிட்டார். அடிக்குறிப்பாகவோ பின்னிணைப்பாகவோ அவை வரவில்லை, துக்கத்தின் பகுதியாகவே வருகின்றன. மொழிபெயர்ப்பாளர், கவிஞர் என்று கோடு போட முடியாது என்று நான் முதலில் சொன்னது இதனால்தான். இதே தொகுப்பில் பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் அந்தலூசியக் கவிதையும் இருக்கிறது. ஷாஹித் அதை அரபியிலிருந்து நேராகச் செய்யவில்லை, மற்றவர்களின் நேர்ப்பொருள் உதவியோடு செய்தார்.

அந்தத் தொகுப்பு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. அப்போது அவரே சாவின் விளிம்பில் இருந்தார். 2000 பிப்ரவரியில் அவருக்கும் மூளையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது, அம்மாவைக் கொண்டுபோன அதே வகை நோய். கடைசி மாதங்களில் அவர் புரூக்ளின் வீட்டில் நண்பர் கூட்டம், பேகம் அக்தர் பாட்டு, ரோகன் ஜோஷ் சமையல் எல்லாம் நடந்துகொண்டே இருந்ததை அமிதவ் கோஷ் எழுதியிருக்கிறார். காஷ்மீரி பண்டிட் சமையலில் ஷாஹித் பெரிய வெறியர், மசாலா சேர்க்கும் வரிசை மாறினால் சண்டைதான். 2001 டிசம்பர் 8 அன்று ஆம்ஹர்ஸ்டில் காலமானார், வயது 52. ஸ்ரீநகர் போய்ச் சாக வேண்டும் என்று முதலில் நினைத்தவர் பிறகு மனம் மாறினார். அடக்கம் பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனில். எமிலி டிக்கின்சன் வாழ்ந்த ஊர் ஆம்ஹர்ஸ்ட் என்பது அவருக்குச் சின்ன ஆறுதலாக இருந்திருக்கலாம், அவர் கவிதைகளில் டிக்கின்சன் அடிக்கடி வந்து போவார்.

அதன்பின் அவர் தொகுப்பின் பெயர் அவரைவிட அதிகம் சுற்றியிருக்கிறது. 2016 பிப்ரவரி 9 அன்று ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் அந்தப் பெயரில் நடத்திய நிகழ்ச்சிதான் தேசத் துரோக வழக்குவரை போனது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தொலைபேசி, இணையத்தோடு தபாலும் நின்றபோது அந்தத் தலைப்பு மறுபடி எல்லோர் வாயிலும் வந்தது. 2023இல் ஸ்ரீநகர்ப் பல்கலைக்கழகங்கள் அவர் கவிதைகளைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது, தபால் அட்டைக் கவிதையும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் எந்த ஊர்க் கவிஞர் என்று கேட்டீர்கள். எந்த ஊருக்கு அவர் இன்னும் தொந்தரவாக இருக்கிறாரோ அந்த ஊர்க் கவிஞர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எதிலிருந்து தொடங்குவது? 2009இல் வந்த 'தி வெயில்ட் ஸ்வீட்' பெரிய தொகை நூல், வாங்கலாம். ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள், சலித்துவிடும். தபால் அட்டை, டாக்கா மஸ்லின் இரண்டையும் முதலில் படியுங்கள். பிறகு அஞ்சலகம் இல்லாத நாடு முழுவதையும், அவசரமில்லாமல். அதன்பின் 'லெனக்ஸ் ஹில்'. கஜல்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும், கண்ணால் படித்தால் பாதிகூட வராது. அதற்கு முன் பேகம் அக்தர் பாடிய இரண்டு மூன்று கஜல்களைக் கேட்டுவிடுங்கள், மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. அரிசோனாப் பாலைவனமும் ஒஹையோ நெடுஞ்சாலையில் கல்கத்தா என்று பெயர்ப்பலகை பார்த்த கதையும் வரும் 'எ நாஸ்டால்ஜிஸ்ட்ஸ் மேப் ஆஃப் அமெரிக்கா' தொகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாழ்க்கை வரலாறு வேண்டுமென்றால் மனன் கபூர் எழுதிய 'எ மேப் ஆஃப் லாங்கிங்ஸ்' இருக்கிறது. ஃபைஸ் மொழிபெயர்ப்பை, உருது தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது எடுங்கள். அவர் மூலத்தைச் சொல்ல, நீங்கள் ஷாஹித்தின் ஆங்கிலத்தைப் படிக்க, எங்கெங்கே அத்துமீறியிருக்கிறார் என்று இருவருமாகச் சண்டை போடலாம்.